டேட்டாபேஸ் குவெரி வெளியீட்டில் | கோட்டுக்குப் பதில் வேறு குறி: எங்கே மாற்றினால் சரியாக வரும்?

கேள்வி இதுதான். கடலூரில் ஒரு முந்திரி வியாபார அலுவலகம், கணக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். மாதக் கடைசியில் டெர்மினலில் பிஎஸ்க்யூஎல் என்ற போஸ்ட்கிரெஸ் நிரல் வழியாகக் குவெரி ஓட்டி, வரும் பட்டியலைப் புதுச்சேரியில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த அலுவலகம் பிரான்ஸில் இருக்கும் வாங்குபவருக்காக வேலை செய்கிறது. நெடுவரிசைகளுக்கு நடுவே | கோடு வருவதால், அதை செட் கருவி கொண்டு கமாவாக மாற்றி அனுப்பினால் சில வரிசைகள் எக்செல்லில் ஒரு கட்டம் தள்ளி விழுகின்றன. புதுச்சேரிக்காரர்கள் கமாவே வேண்டாம், செமிகோலன் போட்டுத் தாருங்கள் என்கிறார்கள். குவெரி ஓட்டும்போதே குறியை மாற்ற முடியுமா, இன்னொரு கிளையில் மைஎஸ்க்யூஎல் இருக்கிறதே அங்கே என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஒரே வரியில் முடியும். ஆனால் அந்த வரியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த மாதம் வேறொரு வரிசை தள்ளி விழும். உங்கள் தொல்லைக்குக் காரணம் கமாவும் இல்லை, கோடும் இல்லை. மதிப்புக்கு உள்ளேயே அந்தக் குறி வந்தால் என்ன செய்வது என்று உங்கள் வெளியீட்டில் எந்த ஏற்பாடும் இல்லை, அதுதான் காரணம். செமிகோலனுக்கு மாறினாலும் ஏற்பாடு இல்லாத வரைக்கும் அதே கதைதான், கொஞ்சம் தாமதமாக நடக்கும், அவ்வளவே.

முதலில் ஒரு சின்ன விஷயம். கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியமான இடங்களில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செட் பயன்படுத்துவதால் லினக்ஸ் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

டெர்மினலில் நீங்கள் பார்க்கும் | கோடும், தலைப்புக்குக் கீழே வரும் ----+---- வரியும், கடைசியில் அடைப்புக்குறிக்குள் வரும் வரிசை எண்ணிக்கையும் கண்ணுக்காக வரைந்த கட்டம். பிஎஸ்க்யூஎல் ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிக நீளமான மதிப்பு எது என்று பார்த்து, மற்றவற்றுக்கு வெற்றிடம் நிரப்பி, நேராக அடுக்குகிறது. அந்தக் கட்டத்தில் கோட்டை மட்டும் கமாவாக மாற்றினால் வெற்றிடங்கள் அப்படியே இருக்கும். 607001 என்ற பின்கோடு முன்னும் பின்னும் இடைவெளியோடு போய்ச் சேரும், அங்கே யாராவது தேடினால் பொருந்தாது. முகவரியில் யாராவது என்டர் தட்டிச் சேமித்திருந்தால், அந்த வரி முறியும் இடத்தில் ஒரு + குறியும் வரும். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் கோடுகளும் நேராக நிற்காது, ஏனென்றால் கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றின் அகலத்தையும் பிஎஸ்க்யூஎல் ஒருவிதமாகவும் டெர்மினல் ஒருவிதமாகவும் கணக்கிடும். அந்த வளைசலைப் பார்த்து டேட்டா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஃபைலாக எடுக்கும்போது அதற்கு வேலையே இல்லை.

இந்தக் கட்டம் வரைதலை நிறுத்துவது முதல் படி. -ஏ, பெரிய எழுத்து. இது போட்டால் வெற்றிட நிரப்பல் போய்விடும், நெடுவரிசைகளுக்கு நடுவே வெறும் | மட்டும் நிற்கும். இப்போது -எஃப், இதுவும் பெரிய எழுத்து, அதற்குப் பின் எந்தக் குறி வேண்டுமோ அது. -டி, சின்ன எழுத்து, போட்டால் தலைப்பும் கடைசி எண்ணிக்கை வரியும் சேர்ந்தே போய்விடும். தலைப்பு வேண்டும், எண்ணிக்கை மட்டும் வேண்டாம் என்றால் -டி போடாமல், -பி, பெரிய எழுத்து, ஃபுட்டர்=ஆஃப் என்று கொடுங்கள். உள்ளே நுழைந்து வேலை செய்பவராக இருந்தால் \பிசெட் ஃபீல்ட்செப் என்று தட்டிக் குறியைக் கொடுக்கலாம். \ஏ என்பது கட்டத்தை மாற்றி மாற்றி இயக்கும் சுவிட்ச்.

குறியை எப்போதும் மேற்கோளுக்குள் போடுங்கள். | என்பதும் ; என்பதும் ஷெல்லுக்கே, அதாவது டெர்மினலில் தட்டுவதைப் படித்து இயக்கும் நிரலுக்கே, சொந்தமான குறிகள். -எஃப் | என்று வெறுமனே எழுதினால் ஷெல் அதைப் பைப் என்று எடுத்துக்கொண்டு, பின்னால் இருப்பதை வேறொரு கட்டளையாக ஓட்டப் பார்க்கும். செமிகோலனை வெறுமனே எழுதினால் கட்டளை அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்கும். டேப் வேண்டும் என்றால் இன்னொரு பொறி. '\டி' என்று மேற்கோளுக்குள் எழுதினால் டேப் வராது, பேக்ஸ்லாஷும் டி எழுத்தும் அப்படியே வெளியீட்டில் வந்து நிற்கும். பேஷ் என்ற ஷெல்லில் மேற்கோளுக்கு முன்னால் ஒரு $ சேர்த்து $'\டி' என்று எழுதினால்தான் ஷெல் அதை உண்மையான டேப்பாக மாற்றிக் கொடுக்கும். அதே '\டி' உள்ளே நுழைந்து \பிசெட் கட்டளையில் கொடுத்தால் சரியாக வேலை செய்யும். ஒரே கருவிக்குள் இரண்டு விதம், எரிச்சலாகத்தான் இருக்கும்.

சரி, இதோடு உங்கள் கேள்விக்கு நேரடி விடை வந்துவிட்டது. ஆனால் இதை நீங்கள் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் என் கருத்து. -ஏ வெளியீட்டில் மேற்கோள் என்பதே கிடையாது. குறியை மதிப்புகளுக்கு நடுவே வைக்கும், மதிப்புக்குள் அதே குறி இருக்கிறதா என்று பார்க்கவே பார்க்காது. "14/3, பாரதி ரோடு, மஞ்சக்குப்பம், கடலூர்" என்ற ஒரு முகவரியை எடுங்கள். பிரிப்பான் கமா என்றால் இந்த ஒரு மதிப்பு நான்கு கட்டமாகச் சிதறும். நம் ஊர் முகவரிகள் கமா இல்லாமல் எழுதப்படுவதே இல்லை. செமிகோலன் என்றால் பெரும்பாலும் தப்பிக்கும், ஆனால் குறிப்பு என்று ஒரு நெடுவரிசை இருந்து, அதில் யாரோ "சாக்கு ஈரம்; 2 மூட்டை திருப்பி" என்று எழுதியிருந்தால் முடிந்தது.

சரியான வழி, குறி போடுவதையும் மேற்கோள் போடுவதையும் ஒருசேரக் கவனிக்கும் சிஎஸ்வி வடிவம். 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12-ஆம் பதிப்பிலிருந்து பிஎஸ்க்யூஎல்லுக்கு --சிஎஸ்வி என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய வரி இது:

பிஎஸ்க்யூஎல் -எக்ஸ் --சிஎஸ்வி -பி 'சிஎஸ்வி_ஃபீல்ட்செப்=;' -எஃப் பட்டியல்.எஸ்க்யூஎல் -ஓ பட்டியல்.சிஎஸ்வி கணக்கு

எக்ஸும் பி-யும் பெரிய எழுத்து. எஃப்பும் ஓ-வும் சின்ன எழுத்து. சின்ன பி என்றால் போர்ட் எண், மாற்றிப் போட்டால் கனெக்‌ஷனே கிடைக்காது. சின்ன எஃப் என்பது குவெரி எழுதி வைத்த ஃபைல், கடைசியில் இருக்கும் கணக்கு என்பது டேட்டாபேஸின் பெயர். பெரிய எக்ஸ் எதற்கு என்றால், உங்கள் ஹோம் ஃபோல்டரில் பிஎஸ்க்யூஎல்லின் தொடக்க அமைப்பு ஃபைல் இருந்தால் அதைப் படிக்காமல் இருக்க. யாராவது அதில் நேரம் காட்டும் \டைமிங் போட்டு வைத்திருந்தால், குவெரி எத்தனை மில்லிசெகண்ட் ஓடியது என்ற வரியும் வெளியே வந்து உங்களைக் குழப்பும்.

இந்த வடிவத்தில் மதிப்புக்குள் செமிகோலனோ, இரட்டை மேற்கோளோ, வரி முறிவோ இருந்தால் மட்டும் அந்த மதிப்பைச் சுற்றி இரட்டை மேற்கோள் வரும். உள்ளே இருக்கும் மேற்கோள் இரண்டு மேற்கோளாக எழுதப்படும். 2005 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற குறிப்பு சொல்லும் வழக்கமும் இதுதான். எக்செல், லிப்ரேஆஃபிஸ், பைத்தானின் சிஎஸ்வி மாட்யூல் எல்லாம் இதைப் புரிந்துகொள்ளும். தலைப்பு வரி வரும், எண்ணிக்கை வரி வராது. பிரிப்பான் ஒரே ஒரு பைட் எழுத்தாக இருக்க வேண்டும், || போல இரட்டைக் குறி இங்கே செல்லாது. பழைய பெரிய எழுத்து -எஃப் முறையில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதைப் பார்த்து ஏமாந்து "யாரும் பயன்படுத்தாத மூன்று குறிகளைச் சேர்த்துப் போட்டால் தப்பித்துக்கொள்ளலாம்" என்று போகாதீர்கள். எக்செல் அதைப் படிக்காது, அடுத்தவருக்கும் தலைவலி.

உங்கள் சர்வர் 12-க்குப் பழையது என்றாலும் கவலையில்லை. இந்த ஆப்ஷன் பிஎஸ்க்யூஎல் நிரலுக்குச் சொந்தமானது, சர்வருக்கு இல்லை. உங்கள் மெஷினில் புதிய பிஎஸ்க்யூஎல் இருந்தால் போதும். அதுவும் முடியாது என்றால் \காப்பி இருக்கிறது: அடைப்புக்குறிக்குள் குவெரி, பிறகு டூ, ஃபைல் பெயர், வித் சிஎஸ்வி ஹெடர் டெலிமிட்டர் ';' என்று எழுத வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, முழுக் கட்டளையும் ஒரே வரியில் இருக்க வேண்டும். நடுவில் என்டர் தட்டினால் ஏற்காது. முன்னால் பேக்ஸ்லாஷ் இருப்பதும் முக்கியம். பேக்ஸ்லாஷ் இல்லாத காப்பி கட்டளை ஃபைலைச் சர்வர் மெஷினில் எழுதும், அதற்கென்று தனி அனுமதியும் வேண்டும். பேக்ஸ்லாஷோடு எழுதினால் உங்கள் மெஷினில் எழுதும்.

இரண்டுக்கும் ஒரு நுணுக்கமான வித்தியாசம் உண்டு. நல் மதிப்பையும் (எதுவுமே பதியப்படாத இடம்) வெற்று எழுத்தையும் காப்பி கட்டளை பிரித்துக் காட்டும்: நல் என்றால் குறிகளுக்கு நடுவே ஒன்றுமே இராது, வெற்று எழுத்து என்றால் "" என்று இரண்டு மேற்கோள் வரும். --சிஎஸ்வி இரண்டையும் ஒன்றுபோல வெறுமையாகவே விடும். இந்தப் பட்டியல் மனிதர் பார்க்கப் போகிறது என்றால் கவலையில்லை. வேறொரு டேட்டாபேஸில் திரும்ப ஏற்றப் போகிறார்கள் என்றால் காப்பி கட்டளையையே எடுங்கள்.

இனி புதுச்சேரிக்கு வருவோம், ஏனென்றால் செமிகோலன் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிரெஞ்சு வழக்கத்தில் தசமப் புள்ளிக்குப் பதில் கமாதான். ஆயிரத்து இருநூற்று ஐம்பதரை என்பதை அவர்கள் 1250,50 என்று எழுதுவார்கள். எண்ணுக்குள்ளேயே கமா வருவதால் பிரிப்பானாகக் கமாவை வைக்க முடியாது, அதனால் அங்கே விண்டோஸின் வட்டார அமைப்பிலேயே பட்டியல் பிரிப்பான் செமிகோலன். எக்செல் சிஎஸ்வி ஃபைலைத் திறக்கும்போது இந்த அமைப்பைத்தான் பார்க்கிறது. நம் ஊர் அமைப்பில் கமா, பிரெஞ்சு அமைப்பில் செமிகோலன். நீங்கள் அனுப்பிய கமா ஃபைலை அங்கே இரட்டை க்ளிக் செய்தால் முழு வரிசையும் முதல் கட்டத்திலேயே குவிந்து கிடக்கும். அவர்கள் வேண்டாம் என்றது அதனால்தான் இருக்க வேண்டும்.

இதில் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். பிரிப்பானைச் செமிகோலனாக மாற்றிவிட்டு, தொகையை 1250.50 என்று புள்ளியோடே விட்டுவிடுகிறார்கள். ஃபைல் அழகாகக் கட்டம் கட்டமாகத் திறக்கும், எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் பிரெஞ்சு எக்செல்லுக்கு 1250.50 எண் அல்ல, வெறும் எழுத்து. கட்டத்தின் இடதுபுறம் ஒட்டி நிற்கும், கூட்டினால் பூஜ்ஜியம் வரும். எனவே பிரிப்பானும் தசமக் குறியும் சேர்ந்தே மாற வேண்டும். குவெரியிலேயே ரிப்ளேஸ் ஃபங்ஷனில் தொகையை எழுத்தாக மாற்றிக் கொடுத்து, புள்ளியைக் கமாவாக்குங்கள். ஆயிரத்துக்கோ லட்சத்துக்கோ இடையில் எந்தக் குறியும் போடாதீர்கள். 12,50,000 என்று நாம் எழுதும் முறை அங்கே யாருக்கும் விளங்காது, எக்செல்லுக்கும் விளங்காது. தேதியை 2025-03-31 என்ற வடிவத்திலேயே விடுங்கள், எந்த வட்டார அமைப்பிலும் நாள் மாதம் மாறாது.

ஃபைலின் முதல் வரியில் செப்=; என்று எழுதினால் எக்செல் எந்த வட்டார அமைப்பிலும் அந்தப் பிரிப்பானையே எடுத்துக்கொள்ளும் என்று ஒரு வழி சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது எக்செல்லுக்கு மட்டும் தெரிந்த பாஷை. அதே ஃபைலை வேறு நிரல் படித்தால் அந்த வரியையும் டேட்டா என்று எண்ணி உள்ளே இழுத்துவிடும். தசமப் புள்ளி பிரச்சினையையும் அது தீர்க்காது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது தமிழ் எழுத்து. வாங்கியவர் பெயர் தமிழில் இருந்தால், யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் உள்ள சிஎஸ்வியை எக்செல்லில் இரட்டை க்ளிக் செய்ததும் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை, எக்செல் தப்பான எழுத்துமுறையை ஊகித்துவிட்டது. ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் எனப்படும் மூன்று பைட்டுகள், 239, 187, 191, இருந்தால் எக்செல் யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும். பிஎஸ்க்யூஎல் அதைத் தானாக எழுதாது. பிரின்ட்எஃப் '\357\273\277' என்று ஓட்டி அதன் வெளியீட்டை > கொண்டு ஃபைலில் போட்டுவிட்டு, பிறகு -ஓ இல்லாமல் பிஎஸ்க்யூஎல்லை ஓட்டி >> கொண்டு அதே ஃபைலின் வாலில் சேர்த்தால் வேலை முடிந்தது. ஆனால் இந்த ஃபைல் மனிதருக்கு மட்டும். வேறு நிரல் படிக்கப் போகிறது என்றால் பிஓஎம் வேண்டாம். முதல் நெடுவரிசைப் பெயரின் முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு, "அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை" என்று அந்த நிரல் அடம்பிடிக்கும்.

இன்னொன்று, பிரிப்பானோடு சம்பந்தமில்லாமல் தோன்றினாலும் எல்லோரும் பிரிப்பானைத்தான் குற்றம் சொல்வார்கள். கடலூர் எஸ்டிடி கோடு 04142 என்று ஒரு நெடுவரிசையில் இருந்தால் எக்செல் அதை 4142 ஆக்கிவிடும். ஓடு நீக்கிய முந்திரிப் பருப்பின் எச்எஸ் குறியீடு (சுங்கத்துக்கான சரக்கு எண்) 080132, அது 80132 ஆகிவிடும், ஏற்றுமதிப் பட்டியலில் இது சின்னத் தவறு அல்ல. வீட்டு எண் 14/3 தனி நெடுவரிசையில் இருந்தால் மார்ச் 14 ஆகிவிடும். "மேற்கோள் போட்டால் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு, அது தவறு. சிஎஸ்வியில் மேற்கோள் என்பது மதிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டுமே சொல்லும், அது எண்ணா எழுத்தா என்று சொல்லாது. இதற்கு நம்பகமான வழி, ஃபைலை இரட்டை க்ளிக் செய்யாமல், எக்செல்லின் டேட்டா மெனுவில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி இறக்குமதி வழியாகத் திறந்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறிப்பது. அப்படித் திறந்தால் பிரிப்பான், எழுத்துமுறை இரண்டையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம், பிஓஎம் வேலையும் மிச்சம். லிப்ரேஆஃபிஸ் கால்க் இந்தக் கேள்விகளை எல்லாம் திறக்கும்போதே கேட்டுவிடும், அந்த ஒரு காரணத்துக்காகவே சிஎஸ்வி பார்க்க நான் அதைத்தான் திறப்பேன்.

மைஎஸ்க்யூஎல் கிளைக்கு வருவோம். அங்கே நிலைமை விசித்திரம். டெர்மினலில் பார்க்கும்போது + - | கொண்டு பெட்டி வரைகிறது. அதே கட்டளையின் வெளியீட்டை ஃபைலுக்கோ பைப்புக்கோ திருப்பினால் பெட்டி மறைந்து, டேப் பிரிப்பானாக வருகிறது. டெர்மினலிலேயே டேப் வேண்டும் என்றால் --பேட்ச். தலைப்பு வேண்டாம் என்றால் -என், பெரிய எழுத்து. ஆனால் டேப்பைத் தவிர வேறு பிரிப்பான் கேட்டால், மைஎஸ்க்யூஎல் என்ற அந்தப் பழைய டெர்மினல் நிரலில் அதற்கு ஆப்ஷனே கிடையாது. தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

ஒரு நல்ல விஷயம், இந்த டேப் வடிவத்தில் ஏற்பாடு இருக்கிறது. மதிப்புக்குள் டேப் வந்தால் \டி என்றும், வரி முறிவு வந்தால் \என் என்றும், பேக்ஸ்லாஷ் வந்தால் இரண்டு பேக்ஸ்லாஷாகவும் எழுதிவிடும். அதனால் ஒரு வரிசை எப்போதும் ஒரே வரியில்தான் நிற்கும், டேப் எண்ணிக்கையும் மாறாது. --ரா போட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், அதனால் போடாதீர்கள். டேப்பைச் செட் வைத்துச் செமிகோலனாக மாற்றினால் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள், மேற்கோள் இல்லாத குறி. பைத்தான் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், டேப் வெளியீட்டைப் படித்து, இந்த \டி, \என் எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, சிஎஸ்வி மாட்யூல் மூலம் செமிகோலனோடு எழுதச் சொல்லுங்கள். சில வரிகளில் முடியும் வேலை. நல் மதிப்பு இதில் நல் என்ற ஆங்கிலச் சொல்லாகவே வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சர்வரே எழுதித் தர ஒரு வழி உண்டு, செலக்ட் குவெரியில் இன்டூ அவுட்ஃபைல் என்று சேர்ப்பது. அதில் ஃபீல்ட்ஸ் டெர்மினேட்டட் பை ';' ஆப்ஷனலி என்க்ளோஸ்ட் பை '"' என்று எழுதினால் குறியும் மேற்கோளும் நீங்கள் சொன்னபடி வரும். ஆனால் ஃபைல் சர்வர் மெஷினில் விழும், உங்கள் யூசருக்கு ஃபைல் அனுமதி வேண்டும், செக்யூர்_ஃபைல்_ப்ரிவ் என்ற அமைப்பு எந்த ஃபோல்டரைச் சொல்கிறதோ அங்கே மட்டுமே எழுதும். தலைப்பு வரி வராது. கூடவே, மதிப்புக்குள் இருக்கும் மேற்கோளை இரட்டிப்பாக்காமல் முன்னால் பேக்ஸ்லாஷ் போடும், எக்செல்லுக்கு அது பிடிக்காது. எஸ்கேப்ட் பை '"' என்று சேர்த்தால் மேற்கோள் இரட்டிப்பாகும். அப்படிச் சேர்த்தால் நல் மதிப்பின் எழுத்து வடிவமும் மாறிவிடும் என்பதால் நல் உள்ள நெடுவரிசைகளை இஃப்நல் கொண்டு வெற்று எழுத்தாக்கிவிடுங்கள்.

குவெரியிலேயே கான்கேட்_டபிள்யூஎஸ் வைத்து எல்லா நெடுவரிசையையும் செமிகோலனால் ஒட்டிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். சொல்பவரைத் தடுத்து நிறுத்துங்கள். அந்த ஃபங்ஷன் நல் மதிப்பைக் கண்டால் மதிப்போடு சேர்த்துப் பிரிப்பானையும் விழுங்கிவிடும், போஸ்ட்கிரெஸிலும் அப்படித்தான். ஜிஎஸ்டி எண் இல்லாத வியாபாரியின் வரிசையில் ஒரு கட்டம் குறைந்து, தொகை போய் ஜிஎஸ்டி எண் இடத்தில் உட்காரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இந்த மொத்த விஷயத்திலும் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

எஸ்க்யூலைட் யாராவது வைத்திருந்தால் எளிது. நெடுங்காலமாக அதன் இயல்பு | பிரித்த வெறும் வரி, மேற்கோள் இல்லை. .மோட் சிஎஸ்வி, .ஹெடர்ஸ் ஆன், பிறகு .செபரேட்டர் ";" என்று தட்டுங்கள். தட்டும் வரிசை முக்கியம்; .மோட் சிஎஸ்வி என்று தட்டியதும் பிரிப்பான் கமாவுக்குத் திரும்பிவிடும் என்பதால் .செபரேட்டர் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். .ஒன்ஸ் --பாம் என்று கொடுத்து ஃபைல் பெயரைத் தந்தால் பிஓஎம் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும், மற்றவர்களுக்கு இந்த யோசனை ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

ஆரக்கிளின் எஸ்க்யூஎல் பிளஸ்ஸில் கோல்செப் என்ற அமைப்பை எல்லோரும் சொல்வார்கள். அது குறியை மாற்றும், வெற்றிட நிரப்பலை நீக்காது, மேற்கோளும் போடாது. 12.2-இலிருந்து மார்க்கப் சிஎஸ்வி ஆன் டெலிமிட்டர் ';' கோட் ஆன் என்று அமைக்கலாம், அதையே எடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல்சிஎம்டி நிரலில் -எஸ், சின்ன எழுத்து, பிரிப்பானை மாற்றும். -டபிள்யூ, பெரிய எழுத்து, வெற்றிடத்தை நீக்கும். மேற்கோள் அங்கேயும் இல்லை.

வெளியீட்டை மனிதருக்கு அனுப்பாமல் பேஷ் ஸ்கிரிப்ட்டுக்குள் ஒவ்வொரு வரிசையாகப் படிக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே சிஎஸ்வி உதவாது, பேஷுக்கு மேற்கோள் பிரிக்கத் தெரியாது. -ஏ, -டி, -எஃப் கூட்டணி அங்கேதான் பயன்படும். ஆனால் பிரிப்பானாக டேப் வைக்காதீர்கள். வரியை எந்தக் குறியில் வெட்டுவது என்று பேஷுக்குச் சொல்லும் ஐஎஃப்எஸ்ஸில் டேப் இருந்தால் பேஷின் ரீட் கட்டளை அதை வெற்றிடமாகவே நடத்தும், அடுத்தடுத்து வரும் இரண்டு டேப்புகளை ஒன்றாக எண்ணும், நடுவில் இருந்த காலி நெடுவரிசை காணாமல் போகும். | வைத்தால் அப்படி ஆகாது. அதைவிட நல்லது 31-ஆம் எண் எழுத்து. ஆஸ்கி அட்டவணையில் 28 முதல் 31 வரை நான்கு இடங்களைப் பிரிப்பான்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 31 ஒரு மதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே, 30 ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் நடுவே. சாதாரணமாகத் தட்டும்போது யார் கையிலும் அது வராது, அதனால் முகவரிக்குள் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. -எஃப் $'\037' என்று கொடுத்து, ஐஎஃப்எஸ்ஸையும் அதே குறியாக வையுங்கள். மதிப்புக்குள் வரி முறிவு இருந்தால் இதுவும் உதவாது, அதைக் குவெரியிலேயே ரிப்ளேஸ் கொண்டு வெற்றிடமாக்கிவிடுங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. முகவரியில் செமிகோலன், இரட்டை மேற்கோள், வரி முறிவு மூன்றும் உள்ள ஒரு வரிசையை, ஜிஎஸ்டி எண்ணை நல் மதிப்பாக விட்டு, சோதனை டேபிளில் சேர்த்து, அதே கட்டளையில் ஃபைல் எடுத்து லிப்ரேஆஃபிஸில் திறந்து பாருங்கள். அந்த வரிசை நேராக நின்றால் ஃபைலைப் புதுச்சேரிக்கு அனுப்பலாம். அங்கே தொகை நெடுவரிசையைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டுத்தொகை உங்கள் சம் குவெரி தரும் எண்ணோடு பொருந்தவில்லை என்றால் தசமக் கமாவை முதலில் பாருங்கள், பிரிப்பானை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.